எட்டாம் நம்பர் காரும் எரியாத விளக்கும்

திங்கட்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த என் மனைவி, காரை வாசலில் நிறுத்தி, சாவியை எடுத்து, ஊன்றுகோலை ஊன்றி இறங்கி, நாலு எட்டு வைத்த பிறகு திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இங்கன வந்து பாருங்க. வண்டி கண்ண மூட மாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். சாவி அவள் கையில் இருக்கிறது. எஞ்சின் அடங்கிவிட்டது. ஆனால் வலது பக்கத்து முன்விளக்கு மட்டும் வெயில் இறங்குவதற்கு முன்பே எங்கள் சுற்றுச்சுவரை முறைத்துக்கொண்டு நிற்கிறது. இடது பக்கம் இருட்டு. ஸ்விட்சைத் திருகினேன், அணையவில்லை. இண்டிகேட்டரைப் போட்டேன், அசையவில்லை. அவளைத் திரும்ப உட்காரவைத்துப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றேன். அங்கேயும் ஒன்றும் எரியவில்லை.

"மிதிச்சியா?"

"மிதிச்சிட்டேன்."

"நல்லா மிதி."

"இதுக்கு மேல மிதிச்சா கால் ரோட்டுக்கு வந்துரும்."

எனக்கு உடனே காரணம் தெரிந்துவிட்டது. "உப்புக்காத்து" என்றேன்.

எங்கள் ராமநாதபுரம் பக்கத்தில் எது கெட்டாலும் உப்புக்காற்றுதான். ஜன்னல் கம்பி இற்றால் உப்புக்காற்று. டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டால் உப்புக்காற்று. என் சொந்தக்காரர் ஒருவர் தன் மகன் கணக்கில் தோற்றதற்குக்கூட அதைத்தான் சொன்னார். மேற்கொண்டு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதுதான் அந்தப் பதிலின் சிறப்பு. ஆனால் நான் கட்டியிருப்பது கணக்கு டீச்சரை. "எட்டு வருஷமா அடிக்கிற காத்து இன்னிக்குத்தான் உள்ள போச்சாக்கும்" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போனாள்.

அவள் குரலில் இருந்தது கோபமல்ல, கவலை. வரும் வியாழக்கிழமை காலை அந்தக் காரை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்ட வேண்டும். காருக்குப் பதினைந்து வயது முடிகிறது. ஆய்வாளர் பார்த்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டால் இன்னும் ஐந்து வருடம் ஓடலாம். பிரேக் விளக்கு எரியாத வண்டிக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? அந்தத் தேதியை விட்டால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று தெரியாது. அதுவரை வண்டி தெருவில் இறங்க முடியாது.

வண்டி இறங்காவிட்டால் என்ன, பஸ் இல்லையா என்று கேட்கலாம். அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் சாயல்குடியில் இருக்கிறது. சிறுவயதில் வந்த போலியோ அவளுடைய இடது காலை அதன் பங்குக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. கிளட்ச் மிதிக்க அந்தக் காலில் பலம் இல்லை. கிளட்ச் இல்லாத கார் அது. வலது காலால் மட்டும் மிதித்து, ஒரு மணி நேரம் ஓட்டிப் போய்ப் பாடம் நடத்திவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டித் திரும்பி வருவாள். எட்டு வருடத்துக்கு முன்னால் அதைப் பழைய காராகத்தான் வாங்கினோம். வாங்கிய நாளிலிருந்து "கொஞ்சம் கொண்டுபோய் விடுறீங்களா" என்று அவள் யாரிடமும் கேட்டதில்லை. என்னிடமும் கேட்டதில்லை. எனக்கும் ஓட்டத் தெரியும், லைசென்ஸ் இருக்கிறது. நான் ஓட்டும்போது பக்கத்தில் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். பக்தியால் அல்ல.

ஆகவே, அந்தக் காரைச் சரிசெய்து கொடுப்பது என் கடமை என்று முடிவு செய்தேன். கடைக்குப் போய் இரண்டு பல்பு வாங்கி வந்து மாட்டினேன். பழைய பல்புகளும் நன்றாகத்தான் இருந்தன என்பது மாட்டிய பிறகு தெரிந்தது. அடுத்து பீஸ் பெட்டியைத் திறந்தேன். முப்பது பீசுக்குக் குறையாமல் கலர் கலராக இருந்தன. ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். எல்லாம் முழுசாக இருந்தன. எது எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்பதுதான் மறந்துவிட்டது. கலரைப் பார்த்துக் குத்துமதிப்பாகச் செருகினேன். கடைசியில் பாட்டரி வயரைக் கழற்றித்தான் வண்டியின் கண்ணை மூடவைத்தோம்.

மறுநாள் அவள் லீவு போட்டாள். பாட்டரி வயரை மாட்டி, அவளே ஓட்ட, தேவிபட்டினம் ரோட்டில் இருக்கும் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனோம். இண்டிகேட்டர் இல்லாததால் வலது பக்கத் திருப்பங்களுக்கு அவள் கையை நீட்டினாள். இடது பக்கத் திருப்பங்களுக்கு என் கையை நீட்டச் சொன்னாள். அந்தக் காருக்கு நான் உருப்படியாகச் செய்த முதல் வேலை அது.

எலக்ட்ரீஷியனை எல்லோரும் பாய் என்பார்கள். சொந்த ஊர் திருப்பாலைக்குடி. பதினாலு வருடம் கல்ஃபில் இந்த மாதிரிக் கார்களின் வயர்களோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, இங்கே தகரக் கொட்டகை போட்டிருக்கிறார். என்னைவிடப் பத்து வயது இளையவர். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். எதையும் தொடவில்லை. பெண் பார்க்க வந்தவர் போல அடக்கமாகப் பார்த்தார்.

"யாரு ஓட்டுறது?"

"நான்தான் வீட்டுக்காரர்" என்றேன்.

"வீட்டுக்காரவுகளக் கேக்கலண்ணே. ஓட்டுறவுகளக் கேட்டேன்."

என் மனைவி சொன்னாள். "சனிக்கிழமை வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல தம்பி. ஞாயித்துக்கிழமை காலைல சந்தைக்குப் போறப்ப டேஷ்போர்டுல பல்புப் படம் ஒண்ணு வந்துச்சு, உடனே அணைஞ்சிருச்சு. திங்கக்கிழமை ஏர்வாடி விலக்குகிட்ட இடது இண்டிகேட்டர் மட்டும் படபடன்னு வேகமா அடிச்சுச்சு. பள்ளிக்கூடத்துல நிறுத்தும்போது இடது ஹெட்லைட் இல்ல. திரும்பி வந்து சாவிய எடுத்தா, வலது லைட்டு அணையல."

"டீச்சரா?"

"கணக்கு."

"அதான். இங்க வாரவுக முக்காவாசிப் பேரு 'லைட்டு போச்சு பாய்'ம்பாக, அம்புட்டுத்தான்." கொஞ்சம் யோசித்தார். "அப்ப சனிக்கிழமைக்கும் ஞாயித்துக்கிழமைக்கும் நடுவுலதான் என்னமோ நடந்திருக்கு."

"சனிக்கிழமை நான் வண்டிய எடுக்கல. இவுகதான் யாரோ சிநேகிதரப் பாக்கணும்னு கொண்டு போனாக."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் கொட்டகையின் தகரத்தைப் பார்த்தேன். "நல்ல தகரமாப் போட்டிருக்கீங்க பாய்" என்றேன்.

சிநேகிதர் என்று யாரும் இல்லை. வாசகர்களிடம் மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தக் காரின் நம்பரைக் கூட்டினால் எட்டு வரும். எட்டு சனியின் எண். இத்தனை வருடம் எனக்கு அது தெரியாது. ஆர்.டி.ஓ. தேதி கிடைத்த சந்தோஷத்தை டீக்கடையில் சொல்லப்போக, அங்கே ஒருவர் நம்பரைக் கேட்டார், விரலை மடக்கினார், உதட்டைப் பிதுக்கினார். "எட்டாம் நம்பரு வண்டி. அதுவும் பேப்பர் விஷயமாப் போறீக" என்றார். எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை இல்லை. ஆனால் பயம் உண்டு.

சனிக்கிழமை தேவிபட்டினம் போனேன். கடலுக்குள் நிற்கிற நவபாஷாணத்தைச் சுற்றிக் கும்பிட்டேன். ஒன்பது கல்லில் சனி எது என்று அடையாளம் தெரியாததால் ஒன்பதுக்கும் தனித்தனியாக விண்ணப்பித்தேன். ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்து, காரின் நாலு சக்கரத்திலும் ஸ்டியரிங்கிலும் தெளித்தேன். பாட்டிலில் பாதி மிச்சம். தீர்த்தத்தைத் தரையில் ஊற்றக் கூடாது, யாராவது மிதித்துவிடுவார்கள். செடி இருந்தால் தூரில் ஊற்றலாம். நான் நின்ற இடத்தில் கருவேல முள்தான் இருந்தது, அதற்குத் தீர்த்தம் கொடுத்தால் இந்த மாவட்டமே மன்னிக்காது. கால் படாத இடமாகத் தேடினேன். டேஷ்போர்டின் மேலே, முன் கண்ணாடி ஓரமாக, காற்று வருவதற்கு நீளமாக ஒரு சல்லடை இருக்கிறது பாருங்கள், அங்கே எந்தக் காலும் படாது. ஸ்டியரிங் பக்கத்து மூலையில், பாட்டில் காலியாகும் வரை, பயபக்தியோடு ஊற்றினேன்.

கடல் தண்ணீர்.

பாய் பழுதைப் படித்துச் சொல்லும் சின்ன ஸ்கேனரைக் கொண்டுவந்து காரில் செருகினார். எஞ்சின் பதில் சொன்னது. கியர் பதில் சொன்னது. பிரேக் பதில் சொன்னது. விளக்குகளின் மாட்யூல் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த ஏற்பாடே தெரிந்தது. முன்பெல்லாம் ஸ்விட்சைப் போட்டால் கரண்ட் நேரே பல்புக்குப் போகும். இந்தக் காரில் ஸ்விட்ச் ஒரு மனு மட்டும்தான் கொடுக்கிறது. ஓட்டுகிறவரின் வலது கால் பக்கம், பக்கவாட்டுப் பலகைக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பெட்டி ஒளிந்திருக்கிறது. எந்த விளக்கு எரியலாம், எது அணையலாம் என்று உத்தரவு போடுவது அதுதான். அதிகாரி மயங்கிவிட்டால் ஆபீசே நின்றுவிடும். ஆனால் நடுரோட்டில் ஓட்டுகிறவர் இருட்டில் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்பதற்காக, முன்விளக்கை மட்டும் எரியவிட்டுவிட்டுத்தான் மயங்கும்.

"ரெண்டையும் எரியவிடத்தான் பாத்திருக்கு. இடது பக்கம் அதால முடியல" என்றார் பாய். "விழும்போதும் ஒரு லைட்டக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டே விழுந்திருக்கு. செஞ்சவன் யோசிச்சுத்தான் செஞ்சிருக்கான்."

பழுதான ஒரு சாமானை ஒருவர் மெச்சிப் பேசுவதை நான் அன்றுதான் கேட்டேன்.

"அப்ப மாட்யூல் அவுட். மாத்திரலாம்" என்றேன்.

"பதில் சொல்லலன்னா செத்துட்டாகன்னு அர்த்தமாண்ணே? சோறு போச்சான்னு பாக்கணும்ல."

பக்கவாட்டுப் பலகையைக் கழற்றினார். ஒரு அட்டையில் அந்தப் பலகையைப் போலவே படம் வரைந்து, எந்த மூலையில் எந்தத் திருகாணி இருந்ததோ அந்த மூலையில் அதைக் குத்தி வைத்தார். என் பீஸ் பெட்டியை நினைத்துக்கொண்டேன். பிறகு மாட்யூலுக்குக் கரண்ட் வருகிறதா என்று பார்க்க எடுத்தது மீட்டர் அல்ல. இரண்டு வயர் கட்டிய ஒரு சாதாரண பிரேக் விளக்குப் பல்பு. மீட்டர் இல்லையோ என்று எனக்குச் சந்தேகம். அவருக்கு அது புரிந்துவிட்டது.

"மீட்டர் இருக்குண்ணே. ஒத்த நூல்ல தொங்குற வயர்லயும் பன்னெண்டு வோல்ட்டுன்னு காட்டிரும். பல்பு அப்படி இல்ல, வேல வாங்கும். வேல குடுத்தாத்தான் வயரு யோக்கியமா இல்லயான்னு தெரியும்."

பல்பு பளிச்சென்று எரிந்தது. சோறு போகிறது. சாப்பிட வேண்டியவர்தான் எழுந்திருக்கவில்லை. பெட்டியைக் கழற்றி வெளியே எடுத்து மூடியைத் திறந்தார். வெயிலில் சாய்த்துப் பிடித்தார். உள்ளே பச்சைப் பலகையின் மேல் மூலையிலிருந்து கீழே வரை வெள்ளையாக ஒரு கோடு. அதன் முடிவில் ஒரு சின்னச் சில்லு கருகியிருந்தது.

எனக்குப் பேச இடம் கிடைத்தது. "பாத்தீங்களா பாய், நான் நேத்தே சொன்னேன். உப்புக்காத்து."

பாய் அந்த வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "காத்து வழியாதுண்ணே" என்றார். "காத்துன்னா எல்லாப் பக்கமும் பூத்திருக்கும். இது மேலருந்து கீழ கோடு போட்டு எறங்கியிருக்கு. தண்ணி."

"ஏசித் தண்ணியா இருக்குமோ?"

அவர் பெட்டியின் ஓரத்தில் உதிர்ந்திருந்த வெள்ளைத் தூளை விரல் நுனியில் ஒற்றி, நாக்கில் வைத்துப் பார்த்தார். பாயாசத்துக்குச் சர்க்கரை பார்க்கிறவர் முகம் போல இருந்தது. துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தார்.

"ஏசித் தண்ணின்னா சப்புன்னு இருக்கும். மழைத்தண்ணியும் அப்படித்தான். இது கடலு." என் மனைவி பக்கம் திரும்பினார். "வண்டி கடல்ல எங்கயும் எறங்குச்சா டீச்சர்?"

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த அவள் பேனாவை மூடினாள். என்னைப் பார்த்தாள். வகுப்பில் அறுபது பேரில் காப்பியடித்தவனை மட்டும் பார்க்கிற பார்வை.

"மீன் வாங்குனேன்" என்றேன். "சனிக்கிழமை. பை ஒழுகியிருக்கும்."

"மீனு டேஷ்போர்டு மேலயாண்ணே உக்காந்து வந்துச்சு?"

"நம்ம வீட்டுக்கு வரலயே அந்த மீனு" என்றாள் அவள்.

பாய் சிரிக்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "அண்ணே, மாட்யூல மாத்துறது அரை மணி நேர வேல. ஏன் செத்துச்சுன்னு தெரியாம மாத்துனா, அடுத்ததும் அதே மாதிரிச் சாகும். தண்ணி எங்கன விழுந்துச்சு, எம்புட்டு விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். திட்டுறதுக்கு இல்ல. எதெதக் கழுவணும்னு பாக்குறதுக்கு."

சொல்லிவிட்டேன். டீக்கடை, எட்டு, ஒன்பது கல், பாதிப் பாட்டில், கால் படாத இடம், எல்லாம். சொல்லச் சொல்ல என் காதுக்கே அது வேறு யாரோ செய்த காரியம் போலக் கேட்டது.

அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "கால் படாத இடத்துல ஊத்துனது நேரா என் கால்மாட்டுக்குத்தான வந்திருக்கு."

"நல்லதுக்குன்னு நெனச்சுத்தான்..."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா சிரிப்ப."

"சிரிச்சிருப்பேன். லைட்டு எரிஞ்சிருக்கும்."

பாய் தொண்டையைச் செருமினார். "விடுங்க டீச்சர். நல்லதுக்குத்தான செஞ்சிருக்காக. எங்க வீட்டுலயும் ஓதுன தண்ணி உண்டு." கொஞ்சம் நிறுத்தினார். "நாங்க அதக் குடிச்சிருவோம்."

அவள் சிரித்த சிரிப்பில் விடைத்தாள்கள் மடியிலிருந்து சரிந்தன. திங்கட்கிழமை சாயங்காலத்திலிருந்து அவள் சிரித்தே நான் பார்க்கவில்லை. அதற்காக அவருக்கு நான் கடமைப்பட்டவன். என்னை வைத்துச் சிரித்தாலும் சரி.

அதற்குப் பிறகு அவர் செய்ததைப் பார்க்க நீங்கள் இருந்திருக்க வேண்டும். நான் ஊற்றிய மூலையிலிருந்து தொடங்கி, தண்ணீர் எந்த வழியாக நடந்திருக்கும் என்று விரலை வைத்துக்கொண்டே போனார். சல்லடை, அதன் கீழே காற்றுக் குழாய், குழாயின் இணைப்பில் ஒரு இடைவெளி, அங்கிருந்து ஒரு வயர்க்கட்டு, அந்த வயர்க்கட்டின் மேல் ஏறிச் சறுக்கி மாட்யூலின் தலைக்கு. ஒவ்வொரு இடத்திலும் வெள்ளைத் தடம் இருந்தது. என் பக்தி போன பாதையை இவ்வளவு நுணுக்கமாக வேறு யாரும் தொடர்ந்ததில்லை.

பிறகு பாட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீரை எடுத்து அந்த இடங்களையெல்லாம் கழுவ ஆரம்பித்தார். நான் பதறிப்போனேன். "பாய், தண்ணி."

"உப்பு தண்ணிலதான கரையும்ண்ணே. காஞ்ச துணில தொடச்சா இடம் மாறி உக்காரும். இது நல்ல தண்ணி, உப்பத் தூக்கிட்டுப் போயிரும்." அடுத்து ஸ்பிரிட் தொட்ட பிரஷ், அதற்கடுத்து தலைமுடி உலர்த்துகிற மெஷின். வயர் நுனிகளில் இருக்கும் பித்தளைப் பின்களில் ஒன்று மட்டும் பச்சை பூத்துக் கிடந்தது. மற்றவர்களாக இருந்தால் சுரண்டிவிட்டிருப்பார்கள். அதை வெட்டி எடுத்துவிட்டுப் புதுப் பின் அடித்தார்.

பழைய மாட்யூலைப் பிழைக்கவைக்கவும் ஒரு மணி நேரம் பார்த்தார். கருகிய சில்லு கருகியதுதான். புதுசு இந்த மாடலுக்கு இப்போது வருவதில்லை. மதுரையில் பழைய கார்களைப் பிரிக்கும் ஒருவருக்கு போன் போட்டார். பெட்டியின் மேலிருந்த நம்பரை வாசித்து, திரும்ப வாசித்து, போட்டோ அனுப்பச் சொல்லி, அதைப் பெரிதாக்கி, கடைசி இரண்டு எழுத்தையும் என் மனைவியிடம் சரிபார்க்கக் கொடுத்தார். என்னிடம் கொடுக்கவில்லை. நியாயம்தான். நாளை மத்தியானம் பஸ்ஸில் வரும் என்றார்கள். காரைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

புதன்கிழமைக்கு இன்னொரு லீவு அவளிடம் இல்லை, அன்று அவள் வகுப்புக்குப் பரீட்சை. "பைக்ல கொண்டு போய் விடுறேன்" என்றேன். என் பின்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வருவதற்குப் பஸ்ஸே மேல் என்றாள். விடியும்போதே பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது, எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. இடது காலைத் தாங்கக் கட்டியிருந்த காலிபர் பட்டையை அவள் அவிழ்த்த விதத்திலேயே தெரிந்தது. படிக்கட்டின் உயரம், நின்றுகொண்டே வந்த தூரம், இறங்குவதற்குள் கிளம்பப் பார்த்த டிரைவர் எல்லாம் அதில் இருந்தன. "மாட்யூல் வந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

வந்திருந்தது. மத்தியானம் நான்தான் பஸ் ஸ்டாண்டில் வாங்கினேன். அதை மடியில் வைத்து ஷேர் ஆட்டோவில் போகும்போது, பக்கத்தில் ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். இறங்கி அடுத்த ஆட்டோ பிடித்தேன்.

சாயங்காலம் இருவரும் கொட்டகைக்குப் போனபோது மாட்யூல் காரில் ஏறியிருந்தது. விளக்குகள் எரிந்தன. ஆனால் டேஷ்போர்டில் பல்புப் படம் அணையவில்லை. எங்கள் காரில் இல்லாத ஒரு விளக்கு எரியவில்லை என்று அது புகார் சொல்லிக்கொண்டிருந்தது.

"பழைய வண்டில இருக்கோம்னே நெனச்சுக்கிட்டிருக்கு" என்றார் பாய். "இது வேற வண்டின்னு எழுதிச் சொல்லணும். கோடிங்."

லேப்டாப்பைத் திறந்தார். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் நின்றால் மாட்யூல் நிரந்தரமாக ஊமையாகிவிடுமாம். அதனால் காரின் பாட்டரிக்குத் துணையாக இன்னொரு பாட்டரியை இணைத்திருந்தார். "பத்து நிமிஷம் யாரும் கதவத் திறக்கக் கூடாது, ஸ்விட்சத் தொடக் கூடாது. அண்ணே, நீங்க பேசக் கூடாது."

"பேசுனா கோடிங் கெட்டுருமா?"

"கோடிங் கெடாது. நான் கெட்டுருவேன்."

நாலாவது நிமிடம் கொட்டகையில் கரண்ட் போனது. மின்விசிறி சோர்ந்து நின்றது. என் மனைவி என் கையைப் பிடித்தாள். பாய் தலையைக்கூடத் தூக்கவில்லை. லேப்டாப் தன் பாட்டரியில் ஓடியது. கார் இரண்டு பாட்டரியில் நின்றது. கரண்ட் போகும் என்று தெரிந்தே அவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊரில் அது தெரிந்திருக்கப் பெரிய ஞானம் வேண்டாம்தான். ஆனால் தெரிந்ததற்கு ஏற்றாற்போல் முன்கூட்டி ஏற்பாடு செய்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பத்தாவது நிமிடம் பல்புப் படம் அணைந்தது.

அவளை உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார். இடது, வலது, டிம், பிரைட், ரிவர்ஸ். அவர் பின்னாலும் முன்னாலும் நடந்து நடந்து "எரியுது, எரியுது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பிரேக்குக்கு மட்டும் மூன்று தடவை மிதிக்கச் சொன்னார்.

"தம்பி, வைப்பர் ஓடலயே" என்றாள் அவள்.

திங்கட்கிழமை நான் பிடுங்கிச் செருகிய பீசுகள் ஞாபகம் வந்தன. பாய் பீஸ் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். எதற்கும் உதவாத ஓட்டையில் இருந்த ஒரு பீசைப் பிடுங்கி, காலியாகக் கிடந்த வைப்பர் ஓட்டையில் செருகினார். வைப்பர் ஓடியது.

"என்ன தம்பி ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல டீச்சர். பீசு இடம் மாறிக் கிடந்துச்சு" என்றவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "உப்புக்காத்தா இருக்கும்."

அன்று என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவர் அதைச் செய்யவில்லை. அவளுக்குப் புரியாமலும் இல்லை.

வியாழக்கிழமை காலை ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் எங்களுக்கு முன்னால் ஏழெட்டு வண்டிகள். எங்கள் முறை வந்ததும் ஆய்வாளர் பேப்பர்களை வாங்கிக்கொண்டு என்னிடம், "ஏறுங்க சார், லைட்டெல்லாம் போட்டுக் காட்டுங்க" என்றார்.

"வண்டி என்னோடது சார்" என்றாள் அவள், ஏற்கெனவே ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தபடி. அவர் அவளைப் பார்த்தார், பக்கத்து சீட்டில் சாய்ந்திருந்த ஊன்றுகோலைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் காரின் முன்னால் போய் நின்றார். அவர் சொல்லச் சொல்ல அவள் போட்டாள். பின்னால் போய், "பிரேக்" என்றார். அவர் தலையசைத்தார். கொஞ்ச தூரம் ஓட்டி, நிறுத்தி, பின்னால் எடுக்கச் சொன்னார். இரண்டு கோடுகளுக்கு நடுவே அவள் பின்னால் வந்து நிறுத்திய நேர்த்தியைப் பார்த்து, அடுத்த முறைக்குக் காத்திருந்த ஒரு வேன் டிரைவர் பீடியைக் கீழே போட்டார்.

கையெழுத்து விழுந்தது. அவள் பேப்பரை ஒரு தடவை வாசித்துவிட்டுப் பைக்குள் வைத்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மூணாவது பீரியடப் புடிச்சிருவேன். நான் இப்படியே சாயல்குடி போறேன். நீங்க பஸ்ல வீட்டுக்குப் போயிருங்க."

"நானும் கூட வரவா?"

"எதுக்கு?"

எதுக்கு என்று எனக்கும் தெரியவில்லை. இறங்கிக் கதவைச் சாத்தினேன். கார் மெதுவாக உருண்டு வாசல் கேட் அருகே போனது. வெளியே சாலையில் ஒரு உப்பு லாரி வந்துகொண்டிருந்ததால் பிரேக் பிடித்து நின்றாள். பின்னால் மூன்று சிவப்பு விளக்கும் எரிந்தன. வலது இண்டிகேட்டர் ஒரே சீராக, அவசரமில்லாமல் அடித்தது. நான் கையைத் தூக்கி ஆட்டினேன். அவள் லாரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது போனதும் விளக்குகள் அணைந்தன, கார் திரும்பிப் போய்விட்டது.